பூட்டும் எண்ணும் கண்ணும்: பல்கலைக்கழக வளாகங்களில் மிதிவண்டி காத்த வரலாறு



பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து விடுதிக்குப் புறப்படும் பிள்ளைக்குப் பெற்றோர் வாங்கிக் கொடுக்கும் பொருள்களுள் மிதிவண்டியும் ஒன்று. மகிழுந்தோ மோட்டார் சைக்கிளோ வாங்க வசதியில்லாத மாணவருக்கு விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்திற்கும், அங்கிருந்து நூலகத்திற்கும், மாலையில் பகுதிநேர வேலைக்கும் செல்ல அதுவே துணை. அஃது ஒரு நாள் காணாமற் போனால் இழப்பு பொருளோடு நிற்பதில்லை. நேரம் போகிறது, வேலை போகிறது, சில வேளைகளில் படிப்பின்மீது இருந்த ஊக்கமும் போய்விடுகிறது. வசதியுள்ளவர் மறுவாரமே புதிய வண்டி வாங்கிக்கொள்வார். வசதியற்றவர் நடப்பார்.

‘நல்ல பூட்டாக வாங்கிப் பூட்டிவிட்டுப் போ’ என்பதுதான் நாம் எல்லாரும் சொல்லும் அறிவுரை. அறிவுரை சரியானதே. ஆயினும் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பல்கலைக்கழகங்கள் இந்தச் சிக்கலோடு போராடி வந்துள்ளன. அப்போராட்டத்தின் வரலாற்றைப் படித்தால், நம் அறிவுரையில் ஒரு பாதி விடுபட்டிருப்பது தெரியவரும். என் பூட்டு என் வண்டியைக் காக்கிறது, சரி. அப்படியானால் திருடன் வெறுங்கையோடு வீட்டிற்குப் போய்விடுகிறானா? அல்லது பக்கத்து வண்டியை நோக்கிப் போகிறானா? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

மிதிவண்டி வளாகத்திற்குள் வந்த கதை

இன்று நாம் ஓட்டும் மிதிவண்டியின் முன்னோடி, இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885ஆம் ஆண்டு உருவாக்கிய ‘ரோவர்’ ஆகும். அதற்கு முன்பிருந்த வண்டிகளில் முன்சக்கரம் ஆள் உயரத்திற்கு இருந்தது. விழுந்தால் எலும்பு முறியும். ரோவரில் இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு. பின்சக்கரத்தைச் சங்கிலி இயக்கியது. 1888ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். இவ்விரண்டும் சேர்ந்தவுடன் 1890களில் மிதிவண்டி மோகம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது.

பல்கலைக்கழக நகரங்கள் அதனை விரைவாக ஏற்றுக்கொண்டன. கேம்பிரிட்ஜ் சமதரையான ஊர்; கல்லூரிகள் நகரெங்கும் சிதறிக் கிடப்பவை. மிதிவண்டிக்கு அதைவிட ஏற்ற இடம் வேண்டுமா? 1897ஆம் ஆண்டு அங்குப் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்குவது குறித்த வாக்கெடுப்பு நடந்தபோது, எதிர்ப்பாளர்கள் மிதிவண்டியில் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் உருவபொம்மையைத் தெருவில் தொங்கவிட்டனர். படிக்க வந்த பெண் என்றாலே மிதிவண்டியும் உடன் நினைவுக்கு வரும் அளவிற்கு அக்காலத்திலேயே அவ்வண்டி மாணவ வாழ்வோடு கலந்துவிட்டது.

வண்டிகள் ஓரிடத்தில் குவிந்தால் திருடர்களும் அங்கு வருவர். பல்கலைக்கழக வளாகம் திருடனுக்கு ஏன் ஏற்ற இடமாகிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரே இடத்தில் வரிசையாக நிற்கின்றன. விரிவுரை தொடங்கிவிட்டால் உரிமையாளர் ஒரு மணி நேரத்திற்குத் திரும்பி வரமாட்டார் என்பது கால அட்டவணையைப் பார்த்த எவருக்கும் தெரியும். முதுகுப்பை மாட்டிய அந்நியர் ஒருவர் அங்கு உலவினால் யாரும் ஐயுறுவதில்லை. எல்லாரும் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் பழைய மாணவர் போகப் புதிய மாணவர் வருவதால், எந்த வண்டி யாருடையது என்பது அக்கம்பக்கத்தாருக்கும் தெரியாது. ஒருவர் பூட்டை அறுத்துக்கொண்டிருந்தாலும், ‘பாவம், சாவியைத் தொலைத்துவிட்டார் போலும்’ என்று எண்ணிக் கடந்து போய்விடுகிறோம்.

முதல் காவல்: எண்

பெயர் தெரியாத கூட்டத்தில் ஒரு வண்டிக்கு அடையாளம் கொடுப்பது எப்படி? இதற்குக் கண்ட விடைதான் எண்.

பெரும்பாலான மிதிவண்டிகளில், மிதிகள் பொருந்தும் அச்சுக்கு அடியில், உற்பத்தியாளர் ஓர் எண்ணைப் பொறித்திருப்பார். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அது கண்ணுக்குத் தெரியும். இத்தாலிய இயக்குநர் வித்தோரியோ டி சிக்கா 1948ஆம் ஆண்டு எடுத்த ‘மிதிவண்டித் திருடர்கள்’ என்னும் திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கலாம். சந்தையில் ஒருவர் சாயம் பூசிக்கொண்டிருக்கும் வண்டிச் சட்டத்தைக் கண்டு, அது தம்முடையதாக இருக்குமோ என்று கதைநாயகன் ஐயுறுவான். காவலரை அழைத்து எண்ணைப் பார்ப்பார்கள். எண் ஒத்துப்போகாது. சாயத்தை மாற்றிவிடலாம், எண்ணை எளிதில் மாற்ற இயலாது என்பதே அக்காட்சிக்கு அடிப்படை.

கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் மாணவர் தம் மிதிவண்டியைக் கல்லூரியில் பதிந்து, கல்லூரியைக் குறிக்கும் எழுத்தோடு ஓர் எண்ணையும் வண்டியின்மேல் தெளிவாக எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. ஜப்பான் இதனை நாடு முழுமைக்குமான சட்டமாகவே ஆக்கியது. அங்குத் திருட்டுத் தடுப்புப் பதிவு 1994ஆம் ஆண்டு முதல் மிதிவண்டி வைத்திருப்போர் அனைவரின் கடமையானது. வண்டி வாங்கும் கடையிலேயே சிறு கட்டணம் செலுத்திப் பதிந்து, எண் ஒட்டுவில்லையை ஒட்டிக்கொள்ளலாம்.

எண்ணால் பூட்டு உடைபடாமல் இருக்கப்போவதில்லை. ஆனால் திருடிய பின் விற்பதை அது கடினமாக்குகிறது. மீட்ட வண்டியை உரியவரிடம் சேர்க்கிறது. எண் தெரியாத வண்டியைக் காவல் துறை மீட்டெடுத்தாலும் அது கிடங்கில் கிடந்து ஏலத்திற்குத்தான் போகும்.

பூட்டே வேண்டாம் என்றவர்கள்

வரலாற்றில் ஒரு வேடிக்கையான நிகழ்வும் உண்டு. 1965ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ‘புரோவோ’ என்னும் இளைஞர் இயக்கத்தினர், லூட் ஸ்கிம்மல்பென்னிங்க் என்பவரின் திட்டப்படி, சில மிதிவண்டிகளுக்கு வெள்ளைச் சாயம் பூசித் தெருவில் விட்டனர். யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், போகுமிடத்தில் விட்டுவிடலாம். எல்லாருக்கும் பொதுவான பொருளை எவரும் திருட முடியாதல்லவா?

ஆனால் காவலர்கள் அவ்வண்டிகளைப் பறிமுதல் செய்தனர். காரணம், மிதிவண்டியைப் பூட்டாமல் விட்டுச் செல்வது அந்நகரில் சட்டப்படி குற்றம்! இளைஞர்களும் விடவில்லை. வண்டிகளுக்கு எண்பூட்டு மாட்டி, அதைத் திறக்கும் எண்ணை வண்டியின்மேலேயே எழுதிவைத்தனர். திட்டம் நீடிக்கவில்லை, எண்ணம் மட்டும் நிலைத்தது.

1995ஆம் ஆண்டு கோப்பன்ஹேகன் நகரம், நாணயம் இட்டால் விடுபடும் பொது மிதிவண்டிகளை அறிமுகப்படுத்தியது. நாணயம் யாருடையது என்று எவருக்கும் தெரியாது. ஆகவே எடுத்தவர் திருப்பித் தராவிட்டால் கேட்க வழியில்லை. 1996ஆம் ஆண்டு இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகம் இக்குறையைத் தீர்க்க வழிகண்டது. அங்கு மாணவர்கள் காந்தப்பட்டை கொண்ட அட்டையைப் பயன்படுத்தி வண்டியை எடுத்தனர். எந்த வண்டியை யார் எடுத்தார் என்பது பதிவாகியது. இன்று உலக நகரங்களில் காணும் மிதிவண்டிப் பகிர்வுத் திட்டங்களுக்கு அந்தப் பல்கலைக்கழக வளாகமே ஒரு முன்னோடி. பொதுப்பொருளைக் காத்தது பூட்டின் வலிமையன்று. எடுத்தவர் பெயர் தெரிந்திருந்தமையே.

இதன் மறுபக்கத்தை நம் வட்டாரத்திலேயே கண்டோம். 2017ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நிறுத்துமிடம் இல்லாத வாடகை மிதிவண்டிகள் ஆயிரக்கணக்கில் இறங்கின. அவற்றுள் பல கால்வாய்களிலும் புதர்களிலும் கிடந்தன. முன்னணியில் இருந்த ஒரு நிறுவனம் 2018ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அங்குத் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. எடுத்தவர் பெயர் கைப்பேசிச் செயலியில் இருந்தது உண்மைதான். ஆனால் வண்டியைத் தம்முடையதாகக் கருதி அக்கறை காட்டும் சமூகம் ஒன்று அதைச் சுற்றி இல்லை.

எஃகுப் பூட்டின் எழுச்சி

இனி அமெரிக்காவிற்குச் செல்வோம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் எமில் மிராக் வேந்தராக இருந்த 1960களில், புதிதாகச் சேரும் மாணவர்கள் மிதிவண்டியுடன் வருமாறு ஊக்குவிக்கப்பட்டனர். வளாகத்தின் மையப்பகுதியில் மகிழுந்துகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டு டேவிஸ் நகரச் சாலைகளில் மிதிவண்டிக்கெனத் தனிப் பாதைகள் கோடிடப்பட்டன. அமெரிக்காவில் அவ்வகையில் அவையே முதலாவன. படிப்பை முடித்த மாணவர்கள் கைவிட்டுச் சென்ற வண்டிகளை வளாக நிருவாகம் அகற்றி ஏலம் விடும் வழக்கமும் அங்கு ஏற்பட்டது. இது வெறும் தூய்மைப் பணி அன்று. துருப்பிடித்த அநாதை வண்டிகள் நிறைந்த இடம், ‘இங்கு யாரும் எதையும் கவனிப்பதில்லை’ என்று திருடனுக்குச் சொல்லாமற் சொல்கிறது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மிதிவண்டி விற்பனை பெருகியது. பத்து வேகப் பற்சக்கரம் கொண்ட, எடை குறைந்த, விலை கூடிய வண்டிகளை மாணவர்கள் வாங்கினர். பூட்டோ பழைய சங்கிலிதான். இரும்பு வெட்டும் கத்திரி ஒன்று போதும், சங்கிலி நொடியில் அறுந்துவிடும்.

இந்நிலையில்தான் 1971, 1972ஆம் ஆண்டுகளில், பல்கலைக்கழகங்கள் நிறைந்த பாஸ்டன் பகுதியில், மிதிவண்டி பழுதுபார்ப்பவரான ஸ்டான்லி கப்ளான் வலிமையான எஃகை வளைத்து ஒரு பூட்டை உருவாக்கினார். மைக்கேல் சேன் அதனைத் தம் தொழிலாக வளர்த்தார். சூப்பர்மேன் கதைகளில் அம்மாவீரனையே வீழ்த்தும் கல்லின் பெயரான ‘கிரிப்டோனைட்’ அப்பூட்டின் பெயராயிற்று. பின்னர் அது குதிரை லாடம் போன்ற ‘யு’ வடிவத்தை அடைந்து உலகெங்கும் பரவியது.

1972ஆம் ஆண்டு அதற்கு ஒரு சோதனை நடந்தது. நியூயார்க் நகரின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் அப்பூட்டால் ஒரு மிதிவண்டியைப் பூட்டி 30 நாள் விட்டுவைத்தனர். பூட்டு உடையவில்லை. ஆனால் வண்டியிலிருந்து கழற்றக்கூடிய உறுப்புகளை எல்லாம் திருடர்கள் கழற்றிச் சென்றுவிட்டனர்! பூட்டு வென்றது, வண்டி எலும்புக்கூடாயிற்று. பூட்டு தான் பற்றியிருக்கும் பகுதியை மட்டுமே காக்கும் என்னும் பாடத்தை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் கற்பிக்க இயலாது.

பேனாவிடம் தோற்ற பூட்டு

வலிமையின் சின்னமாக விளங்கிய அப்பூட்டு 2004ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு பேனாவிடம் தோற்றது. அக்காலத்து ‘யு’ பூட்டுகள் பலவற்றில் சாவித்துளை வட்டமாக இருந்தது. மலிவான பந்துமுனைப் பேனாவின் நெகிழிக் குழலை அத்துளையில் அழுத்தித் திருப்பினால் பூட்டு திறந்துகொள்வதை ஒருவர் இணையத்தில் அறிவித்தார். ஒளிப்படக் காட்சிகள் சில நாள்களில் உலகைச் சுற்றிவந்தன. நிறுவனம் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட பூட்டுகளை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. இத்தனைக்கும் இக்குறைபாடு புதிதன்று. 1992ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் மிதிவண்டி இதழொன்று அதைச் சுட்டிக்காட்டியிருந்தது. சிலர் மட்டும் அறிந்த குறை, எல்லாரும் அறிந்த பிறகே சரிசெய்யப்பட்டது.

இன்று அந்த வட்டச் சாவித்துளை பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் மின்கலத்தில் இயங்கும் வெட்டுச் சக்கரக் கருவி வந்துவிட்டது. வலிமையான எஃகையும் அது சில நிமிடங்களில் அறுத்துவிடும். அதற்கு ஈடுகொடுக்கும் பூட்டுகளும் சந்தையில் உள்ளன; விலையோ சில மாணவர்களின் மிதிவண்டி விலையைவிட அதிகம். ஆகவே எந்தப் பூட்டும் திருட்டை முற்றாகத் தடுப்பதில்லை. அது நமக்கு வாங்கித் தருவது நேரத்தை மட்டுமே. அந்த நேரத்திற்குள் யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். பார்த்தவர் கேட்க வேண்டும்.

பூட்டும் முறை

பூட்டின் தரத்தைப் போலவே பூட்டும் முறையும் முக்கியம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த புகழ்பெற்ற மிதிவண்டி வல்லுநர் ஷெல்டன் பிரவுன் (1944–2008) ஓர் எளிய முறையைப் பரப்பினார். சிறிய ‘யு’ பூட்டு ஒன்றைப் பின்சக்கரத்தின் வளையத்தையும் நிலைக்கம்பியையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். பூட்டும் இடம் வண்டிச் சட்டத்தின் பின்முக்கோணத்திற்குள் அமைய வேண்டும். சக்கரம் அந்த முக்கோணத்தை விட்டு வெளியேற முடியாது. ஆகவே சட்டமும் சக்கரமும் ஒரே பூட்டில் காக்கப்படுகின்றன. பூட்டு சிறியதாக இருப்பதால் நெம்புகோலை நுழைக்கவும் இடமில்லை.

நிறுத்துமிடத்தின் அமைப்பும் இதில் சேரும். முன்சக்கரத்தை மட்டும் செருகி நிறுத்தும் பழைய அமைப்புகளில் மாணவர் முன்சக்கரத்தைத்தான் பூட்டுவர். திருடன் அச்சக்கரத்தைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு எஞ்சிய வண்டியைத் தூக்கிச் செல்வான். தலைகீழான ‘யு’ வடிவில் நிலத்தில் ஊன்றிய கம்பி இருந்தால் சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம். பிரிட்டிஷ் ஆய்வாளர்களான சைட்பாட்டம், தார்ப், ஜான்சன் ஆகியோர் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், சரியாகப் பூட்டும் முறையை விளக்கும் ஒட்டுவில்லைகளை நிறுத்துக் கம்பிகளில் ஒட்டியதும் மக்கள் பூட்டும் முறை மேம்பட்டதைக் காட்டினர். செலவு சிறிது, பயன் பெரிது.

கண்கள் சொன்ன உண்மை

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். அதற்கு விடை தந்தது இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம். அங்கு டேனியல் நெட்டில், மெலிசா பேட்சன் முதலிய ஆய்வாளர்கள் வளாகத்தில் மூன்று நிறுத்துமிடங்களில் பலகைகளை வைத்தனர். உற்று நோக்கும் இரு கண்களின் படம். ‘மிதிவண்டித் திருடர்களே, உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம்’ என்னும் பொருளில் ஒரு வாசகம். அவ்வளவுதான். பலகை வைப்பதற்கு முந்திய ஓராண்டையும் பிந்திய ஓராண்டையும் ஒப்பிட்டு, ஆய்வின் முடிவை 2012ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்டனர்.

பலகை வைத்த இடங்களில் திருட்டு 62 விழுக்காடு குறைந்தது. வியப்பான வெற்றி அல்லவா? ஆனால் அதே காலத்தில், பலகை வைக்காத மற்ற இடங்களில் திருட்டு 65 விழுக்காடு கூடியது.

திருடன் திருந்தவில்லை; இடம் மாறினான். கண்களின் பார்வையில் நிறுத்தப்பட்ட வண்டிகள் தப்பின. வேறிடத்தில் நின்றவை போயின. மூன்று நிறுத்துமிடங்களை மட்டும் பார்த்தால் சாதனை. வளாகம் முழுவதையும் பார்த்தால் சுமை கைமாறியிருக்கிறது.

‘பக்கத்து வண்டியைவிட உன் வண்டியைக் கடினமாக்கு, திருடன் அதை விட்டுவிடுவான்’ என்பது மிதிவண்டி ஓட்டுநர்களிடையே வழங்கும் அறிவுரை. தனி ஒருவருக்கு அது பயன்படும். ஆனால் அந்தப் பக்கத்து வண்டி யாருடையது? பெரும்பாலும் விலையுயர்ந்த பூட்டு வாங்க இயலாத மாணவருடையது. பூட்டுக்கே பணம் இல்லாதவர்தான் வண்டியையும் இழக்கிறார். கல்வி நிலையம் ஒன்று இத்தகைய ‘காவலோடு’ மனநிறைவு கொள்ளலாகாது என்பதே நியூகாசில் கண்கள் நமக்குக் காட்டும் உண்மை.

காவல் யாருக்காக?

எண் பதியும் முறையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கலிபோர்னியாவில் நகராட்சிகள் மிதிவண்டிக்கு உரிமம் கட்டாயம் என்று விதித்திருந்தன. நோக்கம் நல்லதே. நாளடைவில் உரிமம் இல்லை என்னும் காரணத்தைக் காட்டி ஏழைகளையும் சிறுபான்மையினரையும் காவலர் நிறுத்தி விசாரிக்கும் கருவியாக அது மாறிவிட்டதென்று குறை எழுந்தது. 2022ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின் மூலம், உரிமம் இல்லாத வண்டியை ஓட்டுவதைத் தடைசெய்யும் அதிகாரத்தை அம்மாநிலம் நகராட்சிகளிடமிருந்து நீக்கியது. பதிவு என்பது உரிமையாளருக்குத் துணையாக இருக்க வேண்டும். அவரையே மடக்கும் வலையாகிவிடக் கூடாது.

இவ்வரலாறு முழுவதையும் தொகுத்துப் பார்த்தால் மாணவர் செய்ய வேண்டியவை நான்கு எனலாம். வண்டி வாங்கிய அன்றே அதைக் கவிழ்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு, வண்டியோடு தாம் நிற்கும் படமொன்றையும் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். சட்டத்தையும் பின்சக்கரத்தையும் நிலத்தில் ஊன்றிய கம்பியோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். ஆள் நடமாட்டமுள்ள, வெளிச்சமான இடத்தில் நிறுத்த வேண்டும்; விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வெளியில் விட்டுச் செல்லக் கூடாது. திருடுபோனால் வளாகக் காவலரிடமும் காவல் நிலையத்திலும் எண்ணோடு புகார் செய்ய வேண்டும். ‘கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்றாகாமல் இவற்றுள் முதல் மூன்றையும் முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது.

நிருவாகம் செய்ய வேண்டியவையும் உண்டு. வளாகத்தின் ஒரு மூலையில் மட்டும் கேமராவும் பலகையும் வைத்துவிட்டு மற்ற மூலைகளைக் கைவிடலாகாது. எல்லா நிறுத்துமிடங்களிலும் சரியான கம்பிகளை ஊன்ற வேண்டும். வசதியற்ற மாணவர்க்கு நல்ல பூட்டை இரவலாகவோ குறைந்த விலையிலோ கொடுக்கலாம். கைவிடப்பட்ட வண்டிகளை ஆண்டுதோறும் அகற்றி, தேவைப்படுவோருக்கு வழங்கலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று உண்டு. பூட்டு வாங்கித் தரும் அந்தச் சில நிமிடங்களில், அவ்வழியே போகும் ஒருவர் நின்று, ‘நண்பரே, இது உங்கள் வண்டிதானா? உதவி வேண்டுமா?’ என்று பணிவாகக் கேட்டால் போதும். உரிமையாளர் நன்றி சொல்வார்; திருடன் நழுவிவிடுவான். சண்டையிட வேண்டியதில்லை. ஐயம் தீராவிட்டால் விலகி நின்று காவலரை அழைக்கலாம். நியூகாசிலில் பலகையில் வரைந்த கண்களுக்கே 62 விழுக்காடு ஆற்றல் இருந்ததென்றால், வளாகமெங்கும் நடமாடும் ஆயிரக்கணக்கான உண்மையான கண்களுக்கு எவ்வளவு இருக்கும்!

நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நாளை பல்கலைக்கழகத்திற்குச் செல்லப் போகிறவர்கள். ‘உன் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்’ என்று அவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். அதனோடு, ‘பக்கத்தில் இருப்பவன் பொருளையும் பார்த்துக்கொள்’ என்னும் ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லித் தருவோம்.